ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

வேலைக்குப் போய்க்கொண்டே எழுத்து, இசை, நடனம், கைத்தொழில் என்று வேறொன்றில் மனத்தை வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். அலுவலகத்துக்குத் தெரியக் கூடாது என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால் பெயர்களை நீக்கிவிட்டோம், கடிதங்களையும் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மனமெல்லாம் நாவல் எழுதுவதில்தான் இருக்கிறது. சில சிறுகதைகள் அச்சாகியிருக்கின்றன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் இரண்டிலும் தேற மாட்டாய், துணிந்து வேலையை விடு என்கிறார்கள் நண்பர்கள். விடலாமா?

பதில்: வேலையை விட்டால் கிடைக்கும் நேரமெல்லாம் நாவலுக்குப் போய்ச் சேரும் என்று உங்கள் நண்பர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சம்பளம் நின்ற சில மாதங்களுக்குள் அந்த நேரத்தின் பெரும்பகுதியைப் பணத்தைப் பற்றிய யோசனை எடுத்துக்கொள்கிறது. எழுதத் தெரிந்தவருக்கு உடனே காசு தரக்கூடிய எழுத்து வேலைகள், அதாவது விளம்பர வாசகம், நிறுவன மலர், யாரோ ஒருவரின் தன்வரலாறு ஆகியவை ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. அவற்றை மறுக்க வழியில்லாததால் நாவல் முன்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அது தரும் மறுக்கும் உரிமை. முடிவை மாற்றிக் கொடுங்கள், பக்கத்தைக் குறைத்துக் கொடுங்கள், இன்னும் விறுவிறுப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்பவரிடம், அந்தப் பணத்தை நம்பி வீட்டில் அடுப்பெரியாதவரால்தான் நிதானமாக 'முடியாது' என்று சொல்ல முடிகிறது.

கவிஞர் டி. எஸ். எலியட் 1917இல் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் சேர்ந்தார். அவர் வங்கி வேலையில் வீணாகிறார் என்று வருந்திய சக கவிஞர் எஸ்ரா பவுண்டு, 1922இல், ஆர்வலர்கள் பலர் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து அவரை விடுவிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார். எலியட்டுக்கு அது சங்கடத்தையே தந்தது, திட்டம் நிறைவேறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிக அதிகம் பேசப்பட்ட ஆங்கில நெடுங்கவிதைகளில் ஒன்றை அவர் வெளியிட்டதும் அதே 1922இல், வங்கி ஊழியராக இருந்தபோதுதான். 1925இல் வங்கியை விட்டார் என்பது உண்மையே. ஆனால் விட்டுவிட்டுப் போனது ஒரு பதிப்பகத்து வேலைக்கு. அதுவும் மாதச் சம்பள வேலைதான். வேலையை விட்டார் என்று நாம் கேள்விப்படும் கதைகளில் பாதி இப்படி வேலையை மாற்றிக்கொண்ட கதைகளாகவே இருக்கும்.

எப்போது விடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான அளவுகோல் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப்பினுடையது. 1834இல் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 33 ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர் அவர்; பிரிட்டனில் சாலையோரத் தபால் பெட்டி வருவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவரும் அவரே. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். எட்டரை மணிக்கு எழுந்து அலுவலகத்துக்குத் தயாராவார். அலுவலகப் பயணங்களுக்காக ரயிலில் போகும்போது மடியில் ஒரு சிறு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார். எழுதிய நாவல்கள் 47. அவர் வேலையை விட்டது 1867இல். அறுபது வயது வரை பணியில் இருந்திருந்தால் எவ்வளவு ஓய்வூதியம் வந்திருக்குமோ, அதற்கு ஈடான வருமானம் சேமிப்பிலிருந்து வரத் தொடங்கும்போது விலகுவது என்று மனைவியுடன் கலந்துபேசிச் சில ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்திருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தனக்கு மேலான பதவி இன்னொருவருக்குப் போன வருத்தமும் அவருக்கு இருந்தது. ஆனாலும் அந்த வருத்தத்தில் எழுந்து வெளியே போய்விடாமல், கணக்கு நேரானபோதே போனார்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் அளவு டிரோலப்பினுடையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அறுபது வயதுவரைக்கான கணக்கை எல்லோராலும் நேராக்கிவிட முடியாது. குறைந்தது, வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதங்கள் கையில் இருக்கிறது, எழுத்தால் வரும் பணம் ஓர் ஆண்டில் மட்டும் வந்ததா தொடர்ந்து வருகிறதா, வேலையோடு சேர்ந்து போய்விடும் மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு மாற்று என்ன என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சம்பளமில்லா விடுப்பாகவாவது ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, நாவலைத் தவிர வேறெதையும் ஏற்காமல் உட்காருங்கள். அந்த மாதத்தில் எழுதிய பக்கங்கள், வேலையோடு எழுதும் ஒரு மாதத்துப் பக்கங்களைவிடப் பல மடங்கு இருந்தால், உங்களைத் தடுப்பது வேலைதான் என்று நம்பலாம். ஏறக்குறைய அதே அளவில் இருந்தால், தடை வேறெங்கோ இருக்கிறது. அதை ராஜினாமா கடிதம் தீர்க்காது.

துணிச்சல் பற்றி நண்பர்கள் சொல்வதற்கும் ஒரு பதில் உண்டு. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவில் சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பார்த்தது. வேலையில் இருந்துகொண்டே தொடங்கி, பிறகு வேலையை விட்டவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டுத் தொடங்கியவர்களுடையதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆபத்தை விரும்பாதவர்களே இந்த இரட்டை வழியை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. தொழிலும் நாவலும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ஆற்றில் ஒரு கால் வைத்து ஆழம் பார்த்தவர்கள் அதிகம் மூழ்கவில்லை என்பதை நண்பர்களிடம் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு வேலையின் மீது வெறுப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுப்பு இருப்பவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன்: மேலதிகாரி மதிப்பதில்லை, உடல்நலம் கெடுகிறது, வேலையில் நேர்மையில்லை என்பவையெல்லாம் வேறு வேலை தேடுவதற்கான காரணங்கள். அவற்றைக் கனவின் கணக்கில் எழுதி, கனவைக் காட்டி வெளியேறினால், பாவம், அந்த நாவல் எழுதி முடிக்கப்படும் முன்பே குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிவிடும்.

கேள்வி: மாலையில் வீடு திரும்பும்போது ஒரு துளித் தெம்பு இருப்பதில்லை. கணினித் திரையைப் பார்த்தே நாள் முடிகிறது. இரவில் என் சொந்தச் செயலியை உருவாக்கலாம் என்று மறுபடியும் அதே திரையின் முன் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. மற்றவர்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், எனக்கென்னவோ உங்களுக்குக் குறைவது நேரமாகத் தெரியவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அலுவலகம் உங்களோடு கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுவதையும், அதனால் அடுத்த வேலையின் தரம் குறைவதையும் காட்டினார். பிற்பாடு இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து இதற்கு ஓர் எளிய வழியையும் சோதித்தார்: விட்ட இடம் எது, திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது எது என்று எழுந்து போகும் முன் சுருக்கமாக எழுதி வைத்துவிட்டால் அந்த ஒட்டுதல் குறைகிறது. அலுவலகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். இரவில் செயலியை மூடிவைக்கும்போதும் இதையே செய்யுங்கள். அடுத்த நாள் உட்கார்ந்ததும் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகாது.

உங்கள் நிலைமையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பகலில் செய்வதும் இரவில் செய்ய நினைப்பதும் ஒரே மாதிரியான வேலைகள். பொழுதுபோக்குக்கும் வேலைக்கும் உள்ள உறவைப் பற்றி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தீவிரமாக ஈடுபடும் பொழுதுபோக்கு, பார்க்கும் வேலையிலிருந்து வேறுபட்டதாக இருந்தால், அதில் வழக்கத்தைவிட அதிக நேரம் செலவழிப்பது வேலையில் ஒருவருக்குள்ள தன்னம்பிக்கையைக் கூட்டுவதாகவும், அந்தப் பொழுதுபோக்கு வேலையைப் போன்றதாகவே இருந்தால் அதே கூடுதல் நேரம் அதைக் குறைப்பதாகவும் கண்டது. அதனால் செயலியைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அதில் நிரல் எழுதும் பகுதியைக் காலைக்கு மாற்றிவிட்டு, யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் பேசுவது, தாளில் வரைந்து பார்ப்பது ஆகிய திரை தேவைப்படாத வேலைகளை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலையா இரவா என்பதில் விதி எதுவும் கிடையாது. டிரோலப் விடியலில் எழுதினார் என்று மேலே சொன்னேன். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்த எழுத்தாளர் காஃப்கா, காலை எட்டிலிருந்து பிற்பகல் இரண்டு வரை அலுவலகம், பிறகு தூக்கம், இரவு பத்தரைக்கு மேல் எழுத்து என்று வைத்திருந்தார். பகலில் அவர் எழுதிய அலுவலக அறிக்கைகளுள் ஒன்று, மரம் இழைக்கும் இயந்திரத்தில் தொழிலாளர்களின் விரல்களைத் துண்டித்துவந்த சதுரத் தண்டுக்குப் பதிலாக உருளைத் தண்டு பொருத்த வேண்டும் என்பதைப் படங்களோடு விளக்குவது. இரவில் எழுதியதை உலகம் அறியும். ஒரே ஓர் எச்சரிக்கை: அவர் தலைவலியையும் தூக்கமின்மையையும் பற்றி ஓயாமல் புலம்பியவர், நேர அட்டவணையில் எதைப் பின்பற்றினாலும் தூக்கத்தைப் பறிப்பதை மட்டும் பின்பற்றாதீர்கள். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனமொன்றின் துணைத் தலைவராக இருந்தபோது, அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியிலேயே கவிதைகளை அமைத்தார். போய்ச் சேர்ந்ததும் உதவியாளர் தட்டச்சு செய்வார். பயணத்தில் கரையும் நேரம் உங்களுக்கும் இருக்கும்தானே?

கேள்வி: நான் ஓவியம் வரைந்து விற்கிறேன் என்பது என் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் பணி ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு அதை மறந்துவிட்டவர்களே அதிகம். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: வேறு வருமானம் தரும் வேலைக்கு முன் அனுமதி வேண்டுமா, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குபவை யாருக்குச் சொந்தம், நிறுவனத்துக்குப் போட்டியான எதையும் செய்யக் கூடாது என்ற விதி எவ்வளவு அகலமானது, ரகசியம் காக்கும் விதி எதையெல்லாம் தொடுகிறது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தனி நடத்தை விதிகள் இருக்கும்; அவை பொதுவாகக் கடுமையானவை என்பதால் அவர்கள் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

பணியின் ஒரு பகுதியாகச் செய்த படைப்பின் உரிமை முதலாளிக்கும், பணிக்கு வெளியே சொந்த நேரத்தில் செய்ததன் உரிமை செய்தவருக்கும் சேரும் என்பதே பல நாடுகளின் சட்டங்களில் உள்ள பொதுவான அடிப்படை. தகராறு வருவது எல்லைக்கோட்டில்தான். நீங்கள் கணக்காளராக இருந்து நிலக்காட்சி வரைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்துகொண்டு, அலுவலக மடிக்கணினியில், அலுவலகம் பணம் கட்டிய மென்பொருளில், மதிய இடைவேளையில் வரைந்த படத்தை விற்றால், உரிமை யாருடையது என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. ஆகவே சொந்தக் கருவி, சொந்த மின்னஞ்சல், சொந்த நேரம் ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எதை எப்போது வரைந்தீர்கள் என்பதற்குத் தேதியோடு பதிவு வையுங்கள். விற்ற பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். அலுவலகத்துக்கு மறைத்ததாலேயே வரித்துறைக்கும் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

விதி கேட்பதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அதற்கு மேல் கனவைப் பற்றி அலுவலகத்தில் பேசலாமா என்பது மேலே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவராக இருந்தார். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ராமானுஜனின் திறமையை உணர்ந்து துணை நின்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைக்கூட, துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே ராமானுஜன் தொடங்குகிறார். அப்படிப்பட்ட மேலதிகாரி வாய்த்தால் மறைப்பது முட்டாள்தனம். அப்படி வாய்க்காதவர்கள், தாமதமாக முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் ஓவியத்தைக் காரணமாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரும். அவர்கள் பேசாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: வார இறுதிகளில் ஆசைக்காகச் செய்துவந்த மண் நகைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினேன். ஆர்டர்கள் நன்றாக வருகின்றன. ஆனால் களிமண்ணைத் தொடவே இப்போது வெறுப்பாக இருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1973இல் வெளியான புகழ்பெற்ற உளவியல் சோதனை ஒன்றில், வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை முன்னால் வைத்தபோது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே இவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. பேரம் பேசிச் செய்ததுதான் ஆர்வத்தைத் தின்றது.

உங்களிடம் சம்பளம் இருக்கிறது; எல்லா ஆர்டரையும் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாதத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு வையுங்கள். வாடிக்கையாளர் சொல்லும் நிறத்தில், சொல்லும் அளவில் செய்வதை நிறுத்திவிட்டு, நீங்கள் செய்து முடித்தவற்றை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். வருமானம் குறையும். அது உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், இது இனிமேல் உங்கள் இரண்டாவது வேலை என்பதை ஒப்புக்கொண்டு, ஆசைக்காகச் செய்ய வேறொன்றைத் தேடிக்கொள்ளுங்கள், அதிலும் தவறில்லை.

கேள்வி: எனக்கு வயது 22. நடனம் கற்று மேடையேறியிருக்கிறேன். தினமும் ஐந்து மணி நேரமாவது பயிற்சி தேவைப்படுகிறது. நல்ல சம்பளத்தில் முழுநேர வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. வேலையில் சேர்ந்துவிட்டு நடனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலை உங்களுக்கும் பொருத்திவிட வேண்டாம். நாவல் நாற்பது வயதிலும் காத்திருக்கும். உடலைக் கருவியாகக் கொண்ட கலைகள் அப்படிக் காத்திருப்பதில்லை. ஐந்து மணி நேரப் பயிற்சியை முழுநேர வேலைக்குப் பிறகு செய்ய முடியும் என்று வீட்டார் நம்பினால், அவர்கள் அந்தப் பயிற்சியை ஒரு நாள் முழுவதும் கூட இருந்து பார்த்ததில்லை என்று பொருள்.

இரண்டையும் சேர்த்து இழுத்தவர்களில் எல்லோரும் கரை சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் தொழிலால் வேதியியல் பேராசிரியர். உடம்பு சரியில்லாமல் வகுப்புக்குப் போக முடியாத நாட்களில்தான் தனக்கு இசையமைக்க நேரம் கிடைக்கிறது என்றும், அதனால் நண்பர்கள் தன்னை நலமா என்று விசாரிக்காமல் நோயுற்றிருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்கிறார்கள் என்றும் அவர் வேடிக்கையாக எழுதினார். 1869இல் தொடங்கிய ஓபெராவை முடிக்காமலே 1887இல் இறந்தார். வேறு இருவர்தான் அதை முடித்தார்கள்.

ஆனால் வேலையே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். உங்களுக்கு வேண்டியது நடனத்துக்கு வளைந்து கொடுக்கும் வேலை: பகுதி நேரம், முறை மாற்றி வரும் வேலை, வகுப்பெடுப்பது என்று ஏதாவது ஒன்று. சம்பளம் குறைவாக இருக்கும். பதவி உயர்வு இருக்காது. உறவினர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியும் இருக்காது. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் நியூயார்க்கில் குழாய் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். ஒரு முறை ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தால், புகழ்பெற்ற கலை விமர்சகர் ஒருவர் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது அவருடைய வீடு. நீங்கள் கலைஞராயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, உங்கள் இயந்திரத்தைப் பொருத்துகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்றாராம் கிளாஸ். 1976இல் அவருடைய ஓபெரா நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் நிறைந்த கூட்டத்தின் முன் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் டாக்சி ஓட்டினார். 41 வயதில்தான் இசையாலேயே வாழ முடிந்தது. வீட்டாரோடு பேசும்போது ஐந்தாண்டு என்பது போல ஒரு கெடுவைச் சொல்லி, கெடு முடிந்ததும் எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். முடிவில்லாத பரீட்சை எந்தப் பெற்றோருக்கும் அச்சமூட்டும்.

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வந்ததும் இசைப்பதிவில் உட்கார்ந்துவிடுகிறார்; வார இறுதியும் அதிலேயே போகிறது. நானும் வேலைக்குப் போகிறேன். சமையல், குழந்தையின் படிப்பு, மாமியாரின் மருத்துவம் எல்லாம் என் பொறுப்பு. ஏதாவது சொன்னால் என் கனவைக் கொல்கிறாய் என்கிறார். நான் தடையாக இருக்கிறேனா?

பதில்: இல்லை. வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான்.

வேலையோடு கலையையும் வளர்த்தவர்களின் கதைகளை நாம் சொல்லும்போது, நானும் இந்தப் பக்கங்களில் அப்படியே சொல்லியிருப்பதைப் போல, அவர்களுடைய கட்டுப்பாட்டை வியக்கிறோம். டிரோலப் ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்தார் என்றால், அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே கூடுதல் சம்பளம் வாங்கிய ஒரு வேலையாள் அவருக்கும் முன்னால் எழுந்திருந்தார்; ரயிலில் பென்சிலால் எழுதியதை மனைவி உட்கார்ந்து மையில் படியெடுத்தார். காஃப்காவுக்குக் குழந்தையில்லை. இந்த நேரமெல்லாம் யாரோ ஒருவர் கொடுத்தது. கொடுக்க ஆளில்லாதவர்களும் எழுதியிருக்கிறார்கள்: அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டு, பிள்ளைகள் எழுவதற்கு முன் இருட்டிலேயே எழுந்து எழுதி, தன் முதல் நாவலை 1970இல் வெளியிட்டார்.

உங்கள் கணவரோடு கனவைப் பற்றி விவாதிக்காதீர்கள்; அதில் நீங்கள் எப்போதும் தோற்பீர்கள். மணிக்கணக்கைப் பற்றிப் பேசுங்கள். ஒரு வாரத்தில் அலுவலகம், வீடு, தூக்கம் போக ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மிஞ்சுவது சமமாகப் பிரிய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அவர் பங்கை அவர் இசைக்கே கொடுக்கட்டும். யாரும் குறுக்கே நிற்க வேண்டாம். கருவிகளுக்கு ஆகும் செலவுக்கும் மாத வரம்பு ஒன்றை வையுங்கள், அதை வீட்டுச் செலவிலிருந்து எடுக்காதீர்கள். அவர் தாயின் மருத்துவம் உங்கள் பொறுப்பு என்று எப்போது, யார் முடிவு செய்தது என்பதையும் அந்தப் பேச்சில் கேட்டுவிடலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். நான்கு பக்கக் கடிதத்தில் உங்களுக்கென்று ஒரு விருப்பம் இருப்பதாக ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் பங்கு நேரத்தை எதற்குக் கொடுப்பீர்கள் என்பதை அந்தக் காகிதத்தில் எழுதாமல் விடாதீர்கள். எழுதாவிட்டால் அந்த மணிகளும் வீட்டு வேலைக்கே திரும்பிவிடும்.

கேள்வி: ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதன் பிறகு வரையலாம் என்று இளமையிலிருந்தே தள்ளிவைத்திருக்கிறேன். காலம் கடந்துவிட்டதா?

பதில்: கடக்கவில்லை, ஆனால் ஓய்வு வரை காத்திருப்பதற்குக் காரணமும் இல்லை. பாரிஸ் நகரின் சுங்கத் தீர்வை அலுவலகத்தில் வேலை பார்த்த ஆன்றி ரூசோ, நாற்பது வயதை ஒட்டித்தான் தீவிரமாக வரையத் தொடங்கினார். 1886இல் கண்காட்சியில் படங்களை வைத்தபோதும் அவர் அலுவலர்தான். வேலையை விட்டது 1893இல், 49 வயதில். அந்த ஏழாண்டுகளில் விமர்சகர்கள் பலர் அவரைக் கேலி செய்தார்கள், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்துகொண்டே இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகளின் படங்கள் எப்படியும் மோசமாகத்தான் இருக்கும். அவற்றைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வரைந்து முடித்துவிடுங்கள். விலையுயர்ந்த வண்ணங்கள் இப்போது வேண்டாம். பென்சிலும் மலிவான தாளும் போதும்.